மின்மாற்றியின் எண்ணெய்த் தாள் காப்பு: முதுமையை அளப்பதும் தள்ளிப்போடுவதும்

மின்மாற்றிக்குள் இருக்கும் எண்ணெயை வடிகட்டலாம், புதுப்பிக்கலாம், முழுதாகவே மாற்றிவிடலாம். சுருளைச் சுற்றியுள்ள தாளை அப்படிச் செய்ய வழியில்லை. அறுந்துபோன செல்லுலோஸ் சங்கிலியைத் திரும்பப் பிணைக்கும் இயந்திரம் எதுவும் கிடையாது. ஆகவே காப்பை மேம்படுத்தித் தருகிறோம் என்று யார் சொன்னாலும், மிச்சமிருக்கும் வலிமை கரைகிற வேகத்தைக் குறைக்கிறோம் என்றே புரிந்துகொள்ளுங்கள்.

புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருபவர்கள், எண்ணெயை வடிகட்டி உலர்த்தும் ஃபில்டர் மெஷினை வரவழைத்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். அது கடைசியில் வரவேண்டிய படி. முதலிலேயே செய்தால், தாளின் நிலையைச் சொல்லக்கூடிய தடயங்கள் எண்ணெயிலிருந்து போய்விடும். கீழே உள்ள வரிசை, கனிம எண்ணெயும் கிராஃப்ட் தாளும் கொண்ட மின்மாற்றிகளுக்கானது.

1. ஆவணங்களைச் சேருங்கள்

இவை கையில் இல்லாமல் எந்தச் சோதனை முடிவையும் சரியாகப் படிக்க முடியாது:

- பெயர்ப்பலகையின் படம், தொழிற்சாலைச் சோதனை அறிக்கை, வெப்ப உயர்வுச் சோதனை முடிவு
- எண்ணெயின் அளவு, தாளும் அட்டையும் சேர்ந்த எடை
- தாள் சாதாரண கிராஃப்ட்டா, வெப்ப மேம்பாடு செய்யப்பட்டதா என்ற விவரம்
- எண்ணெய் எப்போதெல்லாம் மாற்றப்பட்டது, வடிகட்டப்பட்டது, புதுப்பிக்கப்பட்டது என்ற தேதிகள்
- பழைய எண்ணெய்ச் சோதனை அறிக்கைகள் அனைத்தும்
- லோட், மேல் எண்ணெய் வெப்பநிலை, சுருள் வெப்பநிலைப் பதிவுகள்
- டேங்க் எவ்வளவு வெற்றிடம் தாங்கும் என்ற குறிப்பு

தாளின் எடை பெரும்பாலும் பெயர்ப்பலகையில் இருக்காது. தயாரிப்பாளரிடம் வரிசை எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதல் நாளே கடிதம் அனுப்பிவிடுங்கள். தாளின் வகையையும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஏன் என்பது நான்காம் படியில் வருகிறது.

2. எண்ணெய் மாதிரியைச் சரியாக எடுங்கள்

சோதனைக்கூடத்தின் தவறைவிட மாதிரி எடுப்பதில் நேரும் தவறே அதிகம். ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிட்ட 60475 இதற்கான தரநிலை. வால்வின் வாயைத் துடைத்து, குழாயில் தேங்கிக் கிடக்கும் எண்ணெயைச் சில லிட்டர் வெளியேற்றிவிட்டுப் பிறகு எடுங்கள். கரைந்த வாயுச் சோதனைக்கும் ஈரச் சோதனைக்கும் கண்ணாடிச் சிரிஞ்சு வேண்டும், உள்ளே குமிழி இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டில் ஈரத்தை உள்ளே விடும், வாயுவை வெளியே விடும். மாதிரியை வெளிச்சம் படாமல் மூடி அனுப்புங்கள்.

மாதிரி எடுத்த நேரத்தில் எண்ணெயின் வெப்பநிலை என்ன, லோட் என்ன என்று சீட்டில் எழுதுங்கள். பெரும்பாலான சீட்டுகளில் இந்தக் கட்டம் காலியாகவே போகிறது. வெப்பநிலை இல்லாத ஈர அளவால் பயனில்லை. 20 டிகிரியில் புதிய கனிம எண்ணெய் ஏறத்தாழ 55 பிபிஎம் (பத்து லட்சத்தில் 55 பங்கு) நீரைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். 60 டிகிரியில் 240 பிபிஎம் வரை கொள்ளும். அதனால் 20 பிபிஎம் என்ற ஒரே அளவு, குளிர்ந்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான செறிவு. சூடான எண்ணெயில் வெறும் 8 விழுக்காடு. முதலாவது எச்சரிக்கை. இரண்டாவது அநேகமாக நல்ல செய்தி.

மழையிலும் பனியிலும் மாதிரி எடுக்க வேண்டாம். மின்மாற்றி பல நாள் ஒரே அளவு லோடில் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

3. எந்தச் சோதனைகளைக் கேட்பது

பி.டி.வி. (எண்ணெயின் முறிவு மின்னழுத்தம்) ஒன்றை மட்டும் பார்த்து ‘காப்பு நன்றாக இருக்கிறது’ என்று கையெழுத்திடும் வழக்கம் ஆபத்தானது. அது எண்ணெயின் மின் தாங்குதிறனை மட்டுமே சொல்லும். தாள் நொறுங்கும் நிலைக்கு வந்த பிறகும், காய்ந்த சுத்தமான எண்ணெயில் அந்த அளவு அழகாகவே வரும். முதிர்ந்த தாள் இழப்பது இழுவிசைத் தாங்குதிறனை. வெளியே ஒரு குறுக்குச் சுற்று நேர்ந்து சுருள் குலுங்கும்போதுதான் அது கிழிகிறது.

ஒரே தடவையில் இவற்றைக் கேளுங்கள்: பி.டி.வி., கார்ல் ஃபிஷர் முறையில் ஈரம், அமிலத்தன்மை, இடைமுக இழுவிசை (எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பின் இழுவிசை), டான் டெல்டா (காப்பில் வீணாகும் மின்னாற்றலின் அளவு), கரைந்த வாயுக்கள், ஃபூரான்கள் (தாள் சிதையும்போது பிறக்கும் சேர்மங்கள்), ஆக்சிஜனேற்றத் தடுப்பானின் அளவு. எண்ணெயைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் பி.சி.பி. என்னும் நச்சுச் சேர்மம், அரிக்கும் கந்தகம் ஆகிய இரண்டையும் சேருங்கள். இந்த முழுத் தொகுப்புக்கும் ஆகும் செலவு, பின்னால் வரும் எந்தப் பணியின் செலவோடு ஒப்பிட்டாலும் மிகச் சிறியது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

வாயு அறிக்கையில் தாளுக்கு உரியவை கார்பன் மோனாக்சைடும் கார்பன் டை ஆக்சைடும். மோனாக்சைடு வேகமாக ஏறி, டை ஆக்சைடு அதைப்போல் மூன்று மடங்குக்கும் கீழே இருந்தால், எங்கோ ஓரிடத்தில் தாள் கருகுகிறது என்று சந்தேகிக்கலாம். பத்து மடங்குக்கு மேல் இருந்தால் பரவலான மிதச்சூடு, அல்லது எண்ணெயின் ஆக்சிஜனேற்றம். காற்றோடு தொடர்புள்ள கன்சர்வேட்டரில் (டேங்குக்கு மேலுள்ள எண்ணெய்க் கலன்) இந்த விகிதம் எளிதில் குழம்பும். அதை மட்டும் நம்பி மின்மாற்றியைத் திறந்துவிடாதீர்கள்.

4. ஃபூரானிலிருந்து தாளின் வயதைக் கணியுங்கள்

தாளின் வலிமைக்கு அளவுகோல், செல்லுலோஸ் சங்கிலி ஒன்றில் சராசரியாக எத்தனை குளுக்கோஸ் கண்ணிகள் கோத்திருக்கின்றன என்பது. பேச்சில் டி.பி. என்பார்கள். புதிய தாளில் 1000 முதல் 1200 வரை இருக்கும். தொழிற்சாலையில் உலர்த்தி முடிக்கும்போதே சற்றுக் குறையும். 200-க்கு வந்தால் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது வழக்கம். சங்கிலி அறும்போது பிறக்கும் ஃபூரான்களில் 2-ஃபர்ஃபுரால் எண்ணெயில் கரைந்து வெளியே வருகிறது. சாதாரண கிராஃப்ட் தாளுக்குப் பரவலாகப் பயன்படும் செண்டோங் சமன்பாடு இது: 1.51-இலிருந்து ஃபர்ஃபுரால் அளவின் பத்தடி மடக்கையைக் கழித்து, 0.0035-ஆல் வகுக்க வேண்டும். ஃபர்ஃபுரால் அளவு பிபிஎம்மில் இருக்க வேண்டும்.

0.1 பிபிஎம் என்றால் டி.பி. ஏறத்தாழ 717. 1 பிபிஎம் என்றால் 431. 5 பிபிஎம் என்றால் 232.

இங்கே நான்கு குழிகள் உண்டு.

அலகு. பல கூடங்கள் பிபிபி-யில் எழுதுகின்றன. 1000 பிபிபி என்பதே 1 பிபிஎம். இதைக் கவனிக்காமல் நல்ல மின்மாற்றியைக் கழித்துவிடவும் கூடும்.

எண்ணெயின் வரலாறு. எண்ணெயை மாற்றியிருந்தாலோ, ஃபுல்லர் மண்ணில் (மாசை உறிஞ்சும் களிமண்) புதுப்பித்திருந்தாலோ ஃபூரான் அளவு கீழே விழுந்துவிடும். தாளில் ஒட்டியிருப்பது மெல்ல வெளியே வந்து, சில மாதங்களில் ஓரளவு மட்டும் மீளும். புதுப்பிப்புக்கு முந்தைய அளவைப் பதிந்து வைத்திருந்தால்தான் அதன் பிறகு வரும் அளவுக்கு அர்த்தம்.

தாளின் வகை. வெப்ப மேம்பாடு செய்த தாள் மிகக் குறைவான ஃபூரானைத்தான் தரும். அதற்கு இந்தச் சமன்பாட்டைப் போட்டால் கிழத்தைக் குமரி என்று காட்டும்.

சராசரி. கிடைக்கும் எண் தாள் முழுமைக்குமானது. சுருளின் மேற்பகுதியில் உள்ள சூடான சில வளையங்களில் டி.பி. இதைவிடக் குறைவாகவே இருக்கும். கணக்கில் 400 வந்தால் அங்கே 300-க்கும் கீழே இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

வேறு காரணத்துக்காக மின்மாற்றியைத் திறக்க நேர்ந்தால், மேல் இணைப்புக் கம்பிகளின் மீதுள்ள தாளில் சிறு துண்டு எடுத்து ஐ.இ.சி. 60450 முறையில் நேரடியாக டி.பி. பாருங்கள். மாதிரி எடுத்த இடத்தைத் திரும்பச் சுற்றிக் காப்பிடும் ஏற்பாடு இருந்தால் மட்டும் கைவையுங்கள்.

5. நீர் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

20,000 லிட்டர் எண்ணெயும் 10 டன் தாள், அட்டையும் உள்ள ஒரு மின்மாற்றியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயின் எடை ஏறத்தாழ 17,500 கிலோ. ஈரம் 20 பிபிஎம் என்றால் எண்ணெயில் கரைந்துள்ள நீர் 350 கிராம். தாளில் ஈரம் 3 விழுக்காடு என்றால் அங்கே இருப்பது 300 கிலோ. நீரெல்லாம் தாளில்தான்.

இப்போது ஃபில்டர் மெஷின் இரண்டு நாள் ஓடி, 30 பிபிஎம் இருந்த எண்ணெயை 5 பிபிஎம்முக்குக் கொண்டுவருகிறது என்று வையுங்கள். வெளியேறிய நீர் அரைக் கிலோவுக்கும் குறைவு. அறிக்கை பளபளப்பாக இருக்கும். சில வாரங்களில் தாளிலிருந்து நீர் திரும்பக் கசிந்து பழைய அளவுக்கு வந்துவிடும். தாளை 3 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காட்டுக்குக் கொண்டுவர 200 கிலோ நீர் வெளியேற வேண்டும். இந்த முறையில் எண்ணெயை 450 தடவைக்கும் மேல் உலர்த்தினால்தான் அது நடக்கும்.

தாளின் ஈரத்தை அறிய, எண்ணெய் பிபிஎம்மிலிருந்து சமநிலை வரைபடத்தின் வழியே போவது பழைய முறை. மின்மாற்றியின் வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் அந்தச் சமநிலை அநேகமாக எப்போதும் வருவதில்லை. மேலும், முதிர்ந்த அமில எண்ணெய் புதியதைவிட அதிக நீரைக் கரைக்கும் என்பதால் வரைபடம் ஈரத்தை மிகைப்படுத்தும். ஷட்டவுன் கிடைக்குமானால் மில்லிஹெர்ட்ஸ் முதல் கிலோஹெர்ட்ஸ் வரையிலான, காப்பின் அதிர்வெண் மறுமொழிச் சோதனையைச் செய்யுங்கள். காப்பின் வெப்பநிலையையும் எண்ணெயின் கடத்துதிறனையும் சரியாக உள்ளிட வேண்டும். தாளில் ஊறிய அமிலமும் கடத்துதிறனைக் கூட்டி, ஈரம்போல் தோன்றும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

புதிய மின்மாற்றியில் தாளின் ஈரம் 0.5 விழுக்காட்டுக்கு அருகில் இருக்கும். 2 வரை வழக்கமான பராமரிப்பு போதும். 3-ஐத் தாண்டினால் உலர்த்தும் திட்டம் வேண்டும். 4-க்கு மேல் போனால் லோடைக் கட்டுப்படுத்துவது முதல் வேலை. ஈரம் 2 விழுக்காடு இருக்கையில் 140 டிகிரி வாக்கில் தாளிலிருந்து நீராவிக் குமிழி கிளம்பும்; ஈரம் கூடக் கூட அந்த வெப்பநிலை இறங்கும்.

ஈரமான மின்மாற்றியைச் சூடாக ஓட்டிவிட்டுச் சட்டென்று நிறுத்திக் குளிரவிடுவதிலும் ஆபத்து உண்டு. சூட்டில் எண்ணெய்க்கு வந்த நீர் தாளுக்குத் திரும்ப நேரமில்லாமல் துளியாகப் பிரியும். பல நாள் நின்ற அத்தகைய மின்மாற்றியை மீண்டும் இயக்கும் முன் பி.டி.வி. பார்த்தே ஆகவேண்டும்.

6. செலவில்லாத வேலைகளை முதலில் முடியுங்கள்

தாளை அறுப்பவை நான்கு: வெப்பம், நீர், அமிலம், ஆக்சிஜன். தாள் அறும்போதே நீரும் அமிலமும் பிறக்கின்றன, அவை மேலும் அறுக்கின்றன. தாமதிக்கும் ஒவ்வொரு ஆண்டும் முந்தைய ஆண்டைவிட அதிகம் பறிப்பது இதனால்தான்.

வெப்பத்தில் தொடங்குங்கள். ஐ.இ.சி. 60076-7 தரநிலைப்படி, சாதாரணத் தாளுக்கு மிகச் சூடான இடம் 98 டிகிரியில் இருக்கும்போது தாள் தேயும் வேகம் 1 எனக் கொள்ளப்படும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் வேகம் இரட்டிக்கும். 110 டிகிரியில் நான்கு மடங்கு. இதையே திருப்பிப் பாருங்கள்: ரேடியேட்டரின் தூசியைக் கழுவி, நின்றுபோன விசிறிகளை ஓடவைத்து, மூடிக் கிடக்கும் வால்வுகளைத் திறந்து 6 டிகிரி குறைத்தால், தேயும் வேகம் பாதியாகிறது. ஷட்டவுன் ஏதுமின்றியோ சில மணி நேரத்திலோ முடியும் வேலை இது. சுருள் வெப்பநிலை மானியின் அளவுத்திருத்தத்தையும் அப்போதே சரிபாருங்கள்.

அடுத்தது மூச்சுவிடும் வழி, அதாவது கன்சர்வேட்டருக்குள் போகும் காற்றைச் சிலிகா ஜெல்லால் உலர்த்தும் பிரீத்தர். சிலிகா ஜெல் பாதிக்கு மேல் நிறம் மாறியிருந்தால் மாற்றுங்கள். மேலிருந்து நிறம் மாறினால் காற்று வேறு வழியில் நுழைகிறது என்று பொருள். பிரீத்தரின் அடிக்கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் வெளியே கசியும் கேஸ்கெட் வழியே ஈரமும் உள்ளே வரும். கசிவை நிறுத்தாமல் உலர்த்தும் பணிக்கு ஒப்பந்தம் போடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது போன்றது. அடுத்த நீண்ட ஷட்டவுனில் கன்சர்வேட்டருக்குள் ரப்பர்ப் பை வைக்க முடியுமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். ஆக்சிஜனையும் ஈரத்தையும் ஒருசேரத் தடுக்கும் வழி அது.

7. எண்ணெயைப் புதுப்பித்தல்

அமிலத்தன்மை 0.15-ஐ நெருங்கினால், அதாவது ஒரு கிராம் எண்ணெய்க்கு 0.15 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற அளவுக்கு வந்தால், சேறு படியும்வரை காத்திருக்காதீர்கள். எண்ணெயை மாற்றுவதைவிட, ஃபுல்லர் மண் வழியே சுழற்றிப் புதுப்பிப்பதையே பரிந்துரைக்கிறோம். எண்ணெயை மாற்றினால் தாளிலும் டேங்க் அடியிலும் தங்கிய பழைய எண்ணெய், 10 விழுக்காடு வரை, புதியதைக் கெடுத்துவிடும். தாளை அதிகம் அரிக்கும் ஃபார்மிக், அசிட்டிக் போன்ற சிறு அமிலங்கள் தாளுக்குள்ளேயே தங்குபவை. சூடான சுத்தமான எண்ணெய் பலமுறை கழுவினால்தான் அவை கொஞ்சமாவது வெளியே வரும்.

காலக்கணக்கு இப்படி. 20,000 லிட்டருக்கு மணிக்கு 2,000 லிட்டர் ஓட்டும் இயந்திரம் ஒரு சுற்றுக்கு 10 மணி நேரம் எடுக்கும். பத்துச் சுற்றுக்கு 100 மணி. மண்ணுக்குப் புத்துயிர் ஊட்டும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வாரத்துக்கு மேல். மின்மாற்றி இயங்கும்போதே செய்யலாம். ஆனால் புக்ஹோல்ஸ் ரிலேயின் (உள்ளே வாயு சேர்ந்தால் மின்மாற்றியை நிறுத்தும் பாதுகாப்புக் கருவி) டிரிப்பைத் துண்டித்து வைக்கச் சொல்லி யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். குமிழி போகாத அளவுக்கு ஓட்டத்தைக் குறைத்து வைப்பது ஒப்பந்தக்காரரின் பொறுப்பு.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: இறுதி அமிலத்தன்மை 0.03-க்குள், இடைமுக இழுவிசை மீட்டருக்கு 35 மில்லிநியூட்டனுக்கு மேல், டி.பி.பி.சி. என்னும் தடுப்பான் எடையில் 0.3 விழுக்காடு சேர்த்தல். அளவீடு பணி முடிந்த அன்று ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் நடக்க வேண்டும். இறுதித் தொகையின் ஒரு பகுதியை இரண்டாவது அளவீட்டோடு பிணைத்துவிடுங்கள். எண்ணெயில் உலோகச் செயலிழப்பான் (செம்பின் வினையைத் தடுக்கும் சேர்க்கைப் பொருள்) இருந்தால் மண் அதையும் உறிஞ்சிவிடும். திரும்பச் சேர்க்க வேண்டும். இயந்திரம் இதற்கு முன் எந்த எண்ணெயில் ஓடியது என்ற பதிவையும், பி.சி.பி. இல்லை என்ற சான்றையும் கேட்டு வாங்குங்கள். ஒரு மாசுபட்ட இயந்திரம் உங்கள் எண்ணெய் முழுவதையும் அபாயக் கழிவாக்கிவிடும்.

8. தாளை உலர்த்துதல்

இயங்கும்போதே உலர்த்தும் மூலக்கூற்றுச் சல்லடைக் கருவிகள் மெதுவானவை. மணிக்கு 200 லிட்டர் ஓட்டத்தில் 10 பிபிஎம் நீரை எடுத்தால் நாளுக்கு 42 கிராம், ஆண்டுக்கு 15 கிலோ. 200 கிலோ எடுக்க வேண்டிய இடத்தில் இது தீர்வாகாது. புதிதாகப் பிறக்கும் நீரையும் நுழையும் நீரையும் சமாளித்து நிலைமையை நிறுத்திவைக்க நல்ல கருவி. அந்த நோக்கத்தில் வாங்கினால் ஏமாற்றமில்லை.

நிறுத்தி உலர்த்துவதில் எளியது, சூடான எண்ணெயைச் சுழற்றிச் சுருளைச் சூடேற்றி, எண்ணெயை வடித்து, வெற்றிடம் பிடிப்பது. ஒரு தடவை போதாது; தாளின் சூடு இறங்கியதும் நீர் வருவது நின்றுவிடும், மீண்டும் சூடேற்ற வேண்டும். பெரிய மின்மாற்றிக்குக் குறைந்த அதிர்வெண் மின்னோட்டத்தால் சுருளையே உள்ளிருந்து சூடேற்றும் முறை வேகமானது. எந்த முறையிலும் சுருள் 110 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் உலர்த்தும் சூடும் தாளைத் தேய்க்கும். தடித்த அட்டைகளிலிருந்து நீர் வர நாட்கணக்கில் ஆகும். பம்ப்பை நிறுத்தி அழுத்தம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து நிறுத்தினால் நீர் உள்ளேயே நிற்கும். மொத்தத்தில் இரண்டு முதல் நான்கு வார ஷட்டவுனுக்குத் திட்டமிடுங்கள்.

வெற்றிடத்துக்கு முன் கன்சர்வேட்டரையும் வெற்றிடம் தாங்காத ரேடியேட்டர்களையும் தனிமைப்படுத்துங்கள். டாப் சேஞ்சர் (மின்னழுத்த விகிதத்தை மாற்றும் கருவி) அறைக்கும் பிரதான டேங்குக்கும் இடையே சமநிலைக் குழாய் போடாவிட்டால் நடுத்தடுப்பு உடையும். வெற்றிடத்தில் இருக்கும்போது காப்புத் தடையை அளக்கும் மெகர்கூட வைக்கக் கூடாது; அந்தக் குறைந்த அழுத்தத்தில் சிறு மின்னழுத்தத்துக்கே பொறி பாயும். நிரப்பி முடித்ததும் தயாரிப்பாளர் சொல்லும் அமைதி நேரம் முடியும்வரை மின்னூட்ட வேண்டாம்.

உலர்ந்த தாள் சுருங்கும், சுருளின் இறுக்கம் தளரும். அழுத்தத் திருகுகளைச் சரிபார்த்து இறுக்காமல் டேங்கை மூடினால், அடுத்த குறுக்குச் சுற்றில் சுருள் நகர்ந்துவிடும். இதே காரணத்தால், டி.பி. 250-க்கும் கீழே போன மின்மாற்றியில் இந்தப் பணியைச் செய்ய வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நொறுங்கும் தாளைச் சூடேற்றி, சுருக்கி, இறுக்குவது உடைக்கும் வேலை. அந்தப் பணத்தை மாற்று மின்மாற்றிக்கு ஒதுக்குங்கள். பெரிய மின்மாற்றி கேட்ட பிறகு வந்துசேர ஓராண்டையும் தாண்டலாம் என்பதால், டி.பி. 350-இல் இருக்கும்போதே கொள்முதல் கோப்பைத் திறந்துவிடுங்கள்.

9. இயற்கை எஸ்டருக்கு மாறுதல்

தாவர எண்ணெயிலிருந்து வரும் எஸ்டர், கனிம எண்ணெயைவிடப் பல மடங்கு நீரைக் கரைக்கும். தாளின் நீரை இழுத்துக்கொள்வதோடு அதோடு வினைபுரிந்து செலவழிக்கவும் செய்கிறது. தாளின் தேய்மானம் இதில் கணிசமாகக் குறைகிறது. ஆனால் காற்றோடு தொடர்புள்ள கன்சர்வேட்டருக்கு இது பொருந்தாது; ஆக்சிஜன் பட்டால் கெட்டியாகும். பாகுத்தன்மை கூடுதல் என்பதால் வெப்பநிலை சில டிகிரி ஏறக்கூடும், குளிர்விப்பில் இடம் இருக்கிறதா என்று முதலில் கணக்கிடுங்கள். பழைய எண்ணெயை வடித்து ஒரு நாளாவது சொட்டவிடுங்கள். வாயு, அமிலத்தன்மை, ஈரம் ஆகியவற்றின் பழைய வரம்புகள் எஸ்டருக்குச் செல்லாது. ஃபூரானையும் பழையபடி படிக்க முடியாது.

10. பணி முடிந்தபின் பதிவு

வாயுவும் ஃபூரானும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் புதிய அடிப்படை அளவுகள் வேண்டும். மின்னூட்டிய 24 மணி நேரத்தில் வாயு மாதிரி, பிறகு ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம். மூன்றாம் மாத மாதிரியில் ஈரம், அமிலத்தன்மை, ஃபூரான் மூன்றையும் சேருங்கள். ஈரத்தை ஒப்பிடும்போது அதே எண்ணெய் வெப்பநிலையில் எடுத்த மாதிரிகளையே பக்கத்தில் வையுங்கள். பணிக்கு முந்தைய அறிக்கைகளும் பிந்தையவையும் ஒரே கோப்பில், நடுவே பணி நடந்த தேதி எழுதிய தாளோடு இருக்கட்டும்.